கைக்குக் கண் உண்டா?

உங்களில் யாராவது வீட்டில் பசு வைத்திருக்கிறீர்களா? மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு பசுவாவது, கன்றாவது என்று சிரிக்காதீர்கள். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு நாள் காலையில் வந்து பாருங்கள். தேரடிக்குப் பின்புறமுள்ள சந்துகளில் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் மாடும், மாட்டுக்குப் பக்கத்தில் பால் கேனுமாக நிற்கும். ஒரு பக்கம் தொழிற்சாலை, ஒரு பக்கம் கடல், நடுவே ஒரு கட்டுத்தறி. அதுதான் எங்கள் வட சென்னை!

நான் பிறந்து வளர்ந்ததும் அப்படி ஒரு சந்தில்தான். எங்கள் ஆயாவிடம் ஒரு பசு இருந்தது. (பாட்டியை எங்கள் பக்கத்தில் ஆயா என்போம்.) பசுவின் பெயர் லக்ஷ்மி. அந்தப் பசுவின் பாலில்தான் எங்கள் பள்ளிக்கூடச் சம்பளமும், தீபாவளிக்கு ஆளுக்கொரு துணியும் வந்தன. முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை இது. லக்ஷ்மிக்குச் சினை ஊசி போட்டு இரண்டரை மாதம் ஆகியிருக்கும். சினை நின்றதா இல்லையா என்று தெரிய வேண்டும். நின்றிருந்தால் தீனி போட்டு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வற்றிப் போன மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் வாங்கிக் கட்டுபடியாகாது. ஓர் இளம் டாக்டர் வந்தார். மீசை அப்போதுதான் அரும்பிய மாதிரி முகம். தோள் வரைக்கும் உறை மாட்டிக்கொண்டு சோதித்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது. வெகுநேரம் தேடினார்.

"இன்னா டாக்டர் தம்பி, கன்னுக்குட்டி கீதா இல்லியா?" என்று ஆயா கேட்டாள்.

"இல்லைம்மா" என்று அவர் சொல்லிவிட்டார். அந்த வாரமே மாட்டுத் தரகர் வந்தார். எர்ணாவூரில் ஒருவருக்கு லக்ஷ்மி கைமாறிப் போனாள், அரை விலைக்கு!

இந்தக் கதையின் மீதியைப் பிற்பாடு சொல்கிறேன். இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு நாய்க்கு ஊசி போடவோ, பூனைக்குத் தையல் போடவோ ஓர் இளம் டாக்டர் வருகிறார். பெண்ணாகவும் இருக்கலாம். அவருடைய கை அந்த வேலையை முதல் முதலாக எங்கே கற்றது? எந்த வாயில்லா ஜீவன் மேல் பழகிற்று? இதை நாம் யாரும் யோசிப்பதே இல்லை.

சினை பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். குடும்பப் பத்திரிகையில் இதை எப்படி எழுதுவது என்று சற்றுத் தயங்கினேன். ஆனால் பிரசவம் பார்த்த பாட்டிமார் இருக்கும் வீடுகளில் இதற்கெல்லாம் கூச்சம் என்ன? பசுவின் பின்புறம் வழியாகக் கையை முழங்கைக்கு மேலும் உள்ளே செலுத்தி, குடலின் சுவரினூடே கருப்பையைத் தடவிப் பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள் என்று சொல்வதே தப்பு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் விரல் நுனியில்தான். மாணவர்களுக்கு இதற்கென்று ஒரு வாய்ப்பாடு உண்டு. இரண்டாம் மாதம் கரு சுண்டெலி அளவு, மூன்றாம் மாதம் எலி அளவு, நாலாம் மாதம் சின்னப் பூனை, ஐந்தாம் மாதம் பெரிய பூனை! சுண்டெலிக்கும் எலிக்கும் நடுவே இருந்ததைத்தான் எங்கள் டாக்டர் தம்பி தவற விட்டார்.

ஆசிரியரின் சங்கடத்தையும் பாருங்கள். பெண்ணுக்குக் கோலம் போடக் கற்றுக்கொடுக்கிறீர்கள். இழை கோணினால் அவள் கையைப் பிடித்து இழுத்துக் காட்டலாம். இங்கே அது முடியுமா? மாணவனின் கை உள்ளே இருக்கிறது. ஆசிரியர் வெளியே நிற்கிறார். "கிடைத்ததா?" என்கிறார் இவர். "கிடைத்தது ஸார்" என்கிறான் அவன். கிடைத்தது கருப்பையா, மூத்திரப் பையா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்! பசுவுக்கும் வலி இருக்கிறது. குடலின் உட்சுவர் மெல்லியது. பழகாத கைகள் மாற்றி மாற்றிப் போய் வந்தால் புண்பட்டுப் போகும். ஆகவே ஒரு பசுவிடம் ஒரு நாளில் ஒரு சில மாணவர்கள்தான் பழக முடியும். மற்றவர்கள்? புஸ்தகத்தில் படம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த முடிச்சை அவிழ்த்த யுக்திகளைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

வேப்பேரி வழியாக பஸ்ஸில் போகும்போது அந்தப் பழைய செங்கல் நிறக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி, டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில், இருபது மாணவர்களோடு ஆரம்பமாயிற்று. (ஆங்கிலத்தில் வண்டிக் குதிரையைச் செல்லமாக அழைக்கும் பெயர் டாபின். என்ன பொருத்தம் பாருங்கள்!) ஆஸ்திரேலியாவிலிருந்து பட்டாளத்துக் குதிரைகள் கப்பலேறி நம் சென்னைக் கரையில் வந்து இறங்கிய காலத்தை ஒட்டிப் பிறந்த கல்லூரி அது. 1936-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்து, நாட்டிலேயே முதல் முதலாக இந்தப் படிப்புக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது. 1989-ல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக் கழகம் ஏற்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல். அதன் தலைமை அலுவலகம் வேறெங்கும் இல்லை, எங்கள் வட சென்னையின் மாதவரம் பால் பண்ணையில்தான்.

இருபது பேருக்கு ஒரு பசுவைக் காட்டிப் பாடம் நடத்தலாம். இன்று ஒவ்வொரு கல்லூரியிலும் அதைப்போல் பல மடங்கு மாணவர்கள். பசுக்கள் அந்தக் கணக்கில் பெருகவில்லை. பெருகினாலும் அவை சம்மதிக்க வேண்டுமே!

இங்கிலாந்தில் ஸாரா பெய்லி என்ற அம்மையார் இருக்கிறார். அவரே கால்நடை டாக்டர். 2000-க்குப் பிந்தைய வருஷங்களில் அவர் ஒரு விசித்திரமான பசுவை உண்டாக்கினார். அதற்குத் தலை கிடையாது, முன்னங்கால் கிடையாது, பின்பாதி மட்டும்தான். உள்ளே ஒரு யந்திரக் கரம். மாணவி கையை உள்ளே விட்டு, விரலை அதன் நுனியிலுள்ள சிமிழில் நுழைத்துக்கொள்கிறாள். தையற்காரர்கள் விரலில் போட்டுக்கொள்ளும் அங்குஸ்தானை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் நகர நகர, கம்ப்யூட்டர் அந்த யந்திரக் கரத்தின் மூலம் எதிர்த்துத் தள்ளுகிறது. இங்கே எலும்பு, கெட்டியாக இருக்கிறது. இங்கே கருப்பை, மெத்தென்று இருக்கிறது என்று விரலுக்கு உணர்த்துகிறது. உண்மையில் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று! வெளியே திரையில் ஆசிரியருக்கு எல்லாம் படமாகத் தெரிகிறது. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், ஆம், அதுதான்" என்று சொல்ல முடிகிறது. இதில் பழகிய மாணவர்களையும் பழகாதவர்களையும் நிஜப் பசுக்களிடம் விட்டுப் பார்த்தார்கள். பழகியவர்கள் கருப்பையை நன்றாகவே கண்டுபிடித்தார்களாம். கைக்கு ஒரு கண் வைத்த மாதிரிதானே?

அப்படிப்பட்ட யந்திரத்துக்கு ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த அம்மையார் அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பிரிஸ்டல் பல்கலைக் கழகத்தில் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் கைத்தொழில் பழக்கச் சிறு புஸ்தகங்கள் தயாரித்து, எந்தக் கல்லூரி வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். மலிவான சாமான்களைக் கொண்டு பழகும் வழிகள் இப்போது பல நாடுகளில் கையாளப்படுகின்றன. அவற்றைக் கேட்டால் நம் தையல் கிளாஸ் ஞாபகம் வரும். ஸ்பாஞ்சுத் துண்டின் மேல் துணியை இழுத்துக் கட்டினால் தோல் ஆயிற்று; அதில் கீறித் தையல் பழகலாம். வாழைப்பழத் தோலிலும் போடலாம். இறுக்கி இழுத்தால் கிழிந்துவிடும். கை தானாக மென்மை கற்றுக்கொள்ளும். ஸலைன் ஏற்றும் குழாயில் சிவப்புச் சாயத் தண்ணீரை நிரப்பி, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டால் நாயின் ரத்தக் குழாய் தயார். ஊசி சரியாக இறங்கினால் சிவப்பு வரும், தப்பினால் வராது. நூறு முறை தப்பினாலும் எந்த நாயும் கத்தாது. எம்பிராய்டரி போட்ட விரலுக்கு இதெல்லாம் பிரமாதமா? சமையலறைச் சாமானாலும் வைத்தியம் கற்கலாம் என்று இத்தனை நாள் யாரும் நமக்குச் சொல்லவில்லையே!

காதுக்கும் பாடம் இருக்கிறது. கன்று போட்ட கறவை மாடுகளுக்கு, அதிலும் நிறையப் பால் கொடுப்பவைகளுக்கு, சில சமயம் நாலாவது இரைப்பையில் வாயு நிரம்பி, அது இடது பக்கமாக மேலே மிதந்து வந்துவிடும். மாடு தீனி எடுக்காது, பால் குறையும். டாக்டர் விலாவில் விரலால் சுண்டிக்கொண்டே ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார். காலிக் குடத்தைச் சுண்டினால் வருமே ஒரு நாதம், அந்த மாதிரி "டிங்" என்று கேட்கும். புஸ்தகத்தில் இதைப் பத்து வரியில் வர்ணித்தாலும் மனசில் பதியாது. ஒலிப்பதிவில் ஒரு தரம் கேட்டால் ஜன்மத்துக்கும் மறக்காது. நாயின் இருதயத்தில் வால்வு ஒழுகும் சப்தமும் அப்படியே.

படம், ஒலி, எழுத்து, பேச்சு எல்லாம் சேர்த்துப் பாடம் நடத்துவதற்கு மல்டிமீடியா என்று இப்போது பெயர். ஏதோ புதிது என்று நினைக்க வேண்டாம். பாட்டும், வசனமும், அபிநயமுமாக நம் பாகவதர்கள் நடத்திய கதாகாலட்சேபம் பின் என்னவாம்! மேல்நாட்டிலும் இது பழைய விஷயம்தான். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டிலேயே பிரான்சில் ஒஸு என்ற டாக்டர் காகிதக் கூழால் முழுக் குதிரை செய்து, அதன் தசைகளையும் உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டும்படி அமைத்தார். கொலு பொம்மைகள் நம் ஊரிலும் காகிதக் கூழில்தானே செய்கிறார்கள்?

நம் மாதவரத்துப் பல்கலைக் கழகமும் இதில் சும்மா இருந்துவிடவில்லை. தேசிய வேளாண் புதுமைத் திட்டம் என்று மத்திய சர்க்கார் நடத்திய திட்டத்தில், கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பின் பாடங்களைக் கம்ப்யூட்டரில் படிக்கும்படி படங்களோடு தயாரிக்கும் பொறுப்பை முன்னின்று ஏற்றது. 2020-ல் கொரோனா வந்து கல்லூரிகளை இழுத்து மூடியபோது, இம்மாதிரிப் பாடங்களின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. கண்ணும் காதும் படித்துக்கொண்டிருந்தன. கை மட்டும் சும்மா இருந்தது.

இன்னொரு யுக்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. உடற்கூறு வகுப்பு என்றால் ஃபார்மலின் நெடி. கண் எரியும், தலை சுற்றும். அந்த மருந்தின் ஆவி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று 2004-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் தீர்மானித்திருக்கிறார்கள். 1977-ல் ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் நகரில் குந்தர் ஃபான் ஹேகன்ஸ் என்பவர் கண்டுபிடித்த முறை இதற்கு ஒரு மாற்று. தேன் நெல்லி போடுகிறீர்கள் அல்லவா? நெல்லிக்காயின் நீர் வெளியேறி, அந்த இடத்தில் தேன் போய் உட்காருகிறது. அதே தத்துவம்தான். உறுப்பைப் பதப்படுத்தி, கடுங்குளிரில் அஸிடோனில் ஊறவைத்தால் நீர் வெளியேறி அஸிடோன் உட்புகுகிறது. பிறகு காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டியில் சிலிகோன் திரவத்தில் வைத்தால், அஸிடோன் ஆவியாகிப் போக, சிலிகோன் அதன் இடத்தைப் பிடிக்கிறது. கடைசியில் கிடைப்பது நிஜமான ஆட்டு இருதயம். ஆனால் நெடி கிடையாது, ஈரம் கிடையாது, அழுகாது. வெறுங்கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஒரே ஓர் ஆட்டின் இருதயம் வருஷக் கணக்கில் எத்தனையோ மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறது.

இதற்கெல்லாம் சட்டத்தின் ஆதரவும் உண்டு. அதன் பின்னால் இருந்தவர் நம் ஊர்ப் பெண்மணி ஒருவர் என்றால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி அருண்டேலைப் பரதநாட்டியத்துக்காகத்தான் நமக்குத் தெரியும். 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டவர், பிராணிகளை வதைப்பதைத் தடுக்க ஒரு தனி நபர் மசோதாவைக் கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அதை வாபஸ் பெற்றுக்கொண்டார். 1960-ல் அந்தச் சட்டம் நிறைவேறிற்று. பிராணிகள் மீது நடத்தும் சோதனைகளைப் பற்றிய அதன் பகுதியில் ஓரிடம் இருக்கிறது. கல்லூரி, ஆஸ்பத்திரி முதலிய இடங்களில் புஸ்தகம், மாதிரி உருவம், சினிமாப் படம் போன்ற சாதனங்களே போதுமென்றால், பிராணியைச் சோதனைக்கு உட்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. நம்மில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரைக் கண்டிராத காலத்தில் எழுதியது! 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக இருந்தவரும் ருக்மிணி தேவிதான்.

அதே 1952-ல் வேப்பேரிக் கல்லூரியிலிருந்து சக்குபாய் ராமச்சந்திரன் பட்டம் பெற்று வெளியே வந்தார். நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர் என்று அவரைச் சொல்கிறார்கள். முரட்டு மாட்டை அடக்கப் பெண்ணால் ஆகுமா என்று கேட்ட காலம் அது. இன்று வகுப்புகளில் பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டுக்குப் பிரசவம் பார்க்க வேண்டுமென்றால் சின்னக் கைதான் வசதி என்பதை இந்தக் கேள்வி கேட்பவர்கள் அறியமாட்டார்கள்.

திரையில் காட்டும் படத்தின் பெரிய லாபம் என்னவென்று கேட்டால், அபூர்வமாக வருவதைப் பிடித்து வைத்துக்கொள்வது என்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் கச்சா எண்ணெய்க் கழிவு பரவியது நினைவிருக்கிறதா? கூழைக்கடாப் பறவைகள் இறகெல்லாம் எண்ணெயாகிக் கறுத்து உட்கார்ந்திருந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. எண்ணெயில் நனைந்த பறவையைக் கண்டதும் குளிப்பாட்டத்தான் நமக்குத் தோன்றும். அது தப்பு. முதலில் அதற்குச் சூடும், நீர்ச்சத்தும், அமைதியும் வேண்டும். பலம் வந்த பிறகே குளிப்பு, அதுவும் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தில்! இதைக் கற்பதற்காக இன்னொரு தரம் எண்ணெய் கொட்டும் வரையில் மாணவர்கள் காத்திருக்க முடியுமா? கூடாது என்றல்லவா வேண்டிக்கொள்ள வேண்டும்! படம் எடுத்து வைத்தால், கூழைக்கடாவையே கண்டிராத ஊர்ப் பிள்ளையும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மயங்கி, இனிமேல் மாடே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ரப்பர்ப் பசு உதைக்காது. சிலிகோன் நாய் பயத்தில் பல்லைக் காட்டாது. இரண்டையும்விட முக்கியம், அதன் பக்கத்தில் மாட்டுக்காரி நின்று டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். காசிமேட்டு மீனவர் வீட்டு நாயும், ராயபுரத்துச் சந்தில் மாடிப்படிக்கு அடியில் வளரும் ஆடும் எப்போது நோய்ப்படும், எந்த நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள் என்பதை எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லித்தராது. 2016-ல் வந்த விதிப்படி இந்தப் படிப்பு ஐந்தரை வருஷம்; அதில் கடைசி ஒரு வருஷம் முழுக்கப் பயிற்சி டாக்டராக நிஜப் பிராணிகளிடம் வேலை செய்தாக வேண்டும். அது நல்ல ஏற்பாடு. ரப்பரில் தப்புகளைச் செய்து தீர்த்துவிட்டு, பிறகு உயிரிடம் வரட்டும். பசுவுக்கும் சிரமம் குறைவு, ஆயாவுக்கும் நஷ்டம் குறைவு.

லக்ஷ்மியின் கதை பாக்கி இருக்கிறது அல்லவா? அவளை விற்று ஏழு மாதம் ஆனது. ஒரு நாள் காலையில் எர்ணாவூரிலிருந்து ஒரு பையன் தூக்குச் சட்டியோடு வந்தான். உள்ளே சீம்பால். லக்ஷ்மி கிடேரிக் கன்று போட்டிருக்கிறாள். வாங்கினவர்கள் மரியாதைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். வீடே அந்த டாக்டரைத் திட்டித் தீர்த்தது. ஆயா மாத்திரம் ஒன்றும் சொல்லாமல் வெல்லத்தைத் தட்டி, ஏலக்காய் பொடித்து, சீம்பாலை வேகவைத்தாள்.

"பாவம், அந்தப் புள்ள இன்னா பண்ணும்? கைக்குக் கண்ணா கீது?" என்றாள் கடைசியில்.

எங்களுக்கெல்லாம் துண்டு போட்டுக் கொடுத்தாள். அவள் மட்டும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தூக்குச் சட்டியைக் கழுவி, வெறும் சட்டியாக அனுப்பக் கூடாதென்று ஒரு பிடி அரிசியைப் போட்டு, பையனிடம் கொடுத்தனுப்பினாள்.